களைத்த இதயமும் சாட்டையும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புபவரின் அறிக்கையில் ‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல்லைக் கண்டதும் குடும்பத்தார் நிலைகுலைந்து போவது இயல்பே. அச்சொல் சற்றுக் கொடுமையானது. இதயம் நின்றுவிட்டது, அல்லது இன்றோ நாளையோ நிற்கப் போகிறது என்பது போன்ற பொருளை அது தருகிறது. உண்மை அதுவன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துத் தர இதயத்தால் இயலவில்லை என்பதே அதன் பொருள். மாரடைப்பு வேறு, இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் திடீரென நேர்வது அது. மாரடைப்பு வந்து போனபின் தழும்பேறிய இதயம் நாளடைவில் செயலிழப்பு நிலையை அடைவதுண்டு. நெடுங்கால உயர் இரத்த அழுத்தம், வால்வுப் பழுது, இதயத் தசையையே தாக்கும் நோய்கள் ஆகியவையும் அங்கே கொண்டுசேர்க்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், கணுக்கால் வீக்கம், இரவில் தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

புனே நகரின் ராஸ்தா பேட், கட்கி, தேஹு ரோடு ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ராஸ்தா பேட்டில் கே.இ.எம். மருத்துவமனை நிற்கும் சாலையின் பெயரே சர்தார் முதலியார் சாலை. ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்க வங்கிக்கு வருகிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் பேச்சு பேரப்பிள்ளைகளில் தொடங்கி மாத்திரைகளில் வந்து நிற்கும். அப்பேச்சில் நாம் பலமுறை கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “இதயம் பலவீனமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையை அல்லவா எழுதித் தருகிறார்? பலவீனமான மாட்டுக்குத் தீனியையும் குறைப்பார்களா?” வணிகவியல் பயின்று வரவும் செலவும் பார்க்கும் நமக்கு இதற்கு விடை சொல்லும் தகுதி இல்லை. எனினும் கேள்வி நியாயமானது. மருத்துவ உலகமே இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தயங்கி நின்றது என்பதை அறிந்தபோது, அந்த வரலாற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்பினோம்.

அச்சம், சினம், பேருந்தைப் பிடிக்க ஓடும் ஓட்டம், மாலையில் கணக்கு நேராகாத பதற்றம் ஆகிய எது நேரினும் உடல் செய்வது ஒன்றே. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயத்தை வந்தடையும் பரிவு நரம்புகளின் நுனிகள் அதன் உடன்பிறப்பான நார்அட்ரினலினைச் சொரிகின்றன. துடிப்பு விரைகிறது, ஒவ்வொரு துடிப்பும் வலுக்கிறது. புலியைக் கண்டு ஓடிய மூதாதையரை இந்த ஏற்பாடே காப்பாற்றியது.

இந்த ஹார்மோன்கள் இதயத் தசைச் செல்லுக்குள் நுழைவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாசலிலேயே நின்றுவிடுகின்றன. செல்லின் மேலுறையில் ஏழு முறை உள்ளும் புறமுமாகத் தைத்தாற்போல் அமைந்த ஒரு புரதம் அவற்றை எதிர்கொள்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். வங்கி முகப்பில் காசோலையைக் கொடுப்பவர் பெட்டக அறைக்குள் போவதில்லை. முகப்பு அலுவலர் வாங்கி உள்ளே செய்தி அனுப்ப, பணம் வெளியே வருகிறது. ஏற்பியும் அவ்வாறே. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் உட்பகுதி சற்றே அசைகிறது. அந்த அசைவு ஜி-புரதம் என்னும் இடைத்தரகரை எழுப்ப, அது ஒரு நொதியை முடுக்க, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவற்றின் தூண்டுதலால் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. கால்சியம் பாய்ந்தால் தசை சுருங்கும். சில நொடிகளில் ஒரு ஹார்மோன் துளி, பல மடங்காகப் பெருகிய விசையாகிவிடுகிறது.

இந்த ஏற்பிகள் ஒரே வகையல்ல என்று 1948-இல் எழுதியவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட். ஆல்ஃபா, பீட்டா என இரு வகை என்றார் அவர். இதயத்தை விரைவுபடுத்துவது பீட்டா. அவருடைய கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பியனுப்பிவிட்டது. வேறோர் இதழில் வெளிவந்தபின்னும் பத்தாண்டுகள் அதனைப் பெரிதாகக் கண்டுகொண்டவர் இல்லை.

கண்டுகொண்டவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். இளம் வயதில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் கற்பித்தவர். அவருடைய தந்தையார் ஒரு மோட்டார் விபத்தின் அதிர்ச்சியைத் தொடர்ந்து மாரடைப்பால் காலமானார். மன அதிர்ச்சி இதயத்தை எவ்வாறு கொல்கிறது என்ற எண்ணம் பிளாக்கை விடவில்லை. அந்நாளில் நெஞ்சுவலிக்கு மருந்து தேடியவர்கள், இதயத்துக்குச் செல்லும் இரத்தத்தை எப்படிக் கூட்டுவது என்றே சிந்தித்தனர். பிளாக் கணக்கைத் திருப்பிப் போட்டார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே என்பது அவர் வழி. பீட்டா ஏற்பியில் ஹார்மோனுக்கு முன்னே போய் உட்கார்ந்துகொண்டு, தானும் எதுவும் செய்யாமல் பிறரையும் நெருங்கவிடாத ஒரு வேதிப்பொருளை அவர் உருவாக்கினார். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் அவர் உருவாக்கிய புரோப்ரனலால் 1960-களின் நடுவில் மருத்துவர்கள் கைக்கு வந்தது. ‘பீட்டா தடுப்பான்’ என்று இன்று நாம் அறியும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளுள் ஒன்று அது. 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சுவலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்பட்ட இந்த மருந்து, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கூடவே கூடாது என்பது அக்கால மருத்துவத்தின் உறுதியான விதி. மருந்துப் பெட்டியினுள் வைக்கும் துண்டுத்தாளிலும் அவ்வாறே எச்சரித்திருந்தார்கள். மாணவர்களும் அப்படியே படித்துத் தேர்வு எழுதினார்கள். நோய்வாய்ப்பட்ட இதயம் ஹார்மோன் தூண்டுதலை ஊன்றுகோலாகக் கொண்டுதான் நிற்கிறது. அந்தக் கோலைப் பிடுங்கினால் விழுந்துவிடும் என்பது அவர்கள் வாதம். பார்வைக்குக் குறையற்ற வாதம்தான். நம் ஓய்வூதியரின் மாட்டுத் தீனி வாதமும் இதுவே.

1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இந்த விதியை மீறினார்கள். இதயத் தசை தளர்ந்து, நாடி மிக விரைந்து, வேறு மருந்துகளுக்குப் பணியாத ஏழு நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பானை மிகக் கவனத்துடன் கொடுத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். இதயம் முன்னைக் காட்டிலும் நன்றாகச் சுருங்கியது. இம்முடிவை வெளியிட்டபோது வரவேற்பைவிட ஐயமே மிகுந்தது. ஏழு பேர் போதுமா என்று கேட்டார்கள், அதில் தவறில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஐயம் நீடித்ததுதான் வருந்தத்தக்கது.

ஏன் தேறினார்கள் என்பதற்கான விடை, செயலிழந்த இதயத்தின் ஏற்பிகளை எண்ணிப் பார்த்தபோது துலங்கத் தொடங்கியது. 1982-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் பிரிஸ்டோ குழுவினர், மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடமிருந்து அகற்றிய பழைய இதயங்களை ஆராய்ந்தனர். நலமான இதயத் தசையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியளவு பீட்டா ஏற்பிகளே அவற்றில் இருந்தன. எஞ்சியிருந்தவையும் ஹார்மோனுக்கு மந்தமாகவே பதிலளித்தன. இதயத்தின் முதன்மையான பீட்டா-1 வகைக்கே இழப்பு அதிகம் என்பது பிற்பாடு தெரியவந்தது.

இதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவு போல எண்ணிப் பார்க்கலாம். வருவாய் குறைந்த வீடு முதலில் கடன் வாங்குகிறது. இறைக்கும் திறன் குறைந்த இதயத்தைக் கண்டு உடல் அஞ்சி, ஹார்மோன்களை அனுப்பி அதனை விரட்டுகிறது. முதல் சில வாரங்கள் நிலைமை சீரானது போலவே தோன்றும். ஆனால் புலி போனபின்னும் அபாய மணி நிற்பதில்லை. இரவும் பகலும், உறக்கத்திலும்கூட, நார்அட்ரினலின் பொழிந்துகொண்டே இருக்கிறது. ஓயாத விரட்டலில் தசைச் செல்கள் சில மடிகின்றன; எஞ்சியவை உருமாறுகின்றன; துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. 1984-இல் அமெரிக்க மருத்துவர் ஜே கோன் குழுவினர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் நார்அட்ரினலின் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு குறைவு அவர்களுடைய ஆயுள் என்று காட்டினர். உதவிக்கு வந்த கடன், வட்டியாகவே வீட்டைத் தின்றது.

அப்போது செல் தன்னைக் காத்துக்கொள்ள ஒன்று செய்கிறது. ஓயாமல் கத்துபவர் எதிரே காதைப் பொத்திக்கொள்வது போல, ஏற்பிகளின் வாலில் ஒருவகை நொதி பாஸ்பேட் முத்திரைகளைக் குத்துகிறது. முத்திரை விழுந்த ஏற்பியின்மீது அரெஸ்டின் என்னும் புரதம் தொப்பிபோல் கவிந்து, செய்தி உள்ளே போகாமல் தடுக்கிறது. பிறகு ஏற்பியே மேலுறையிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த நுட்பங்களைத் துலக்கிய அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் அவருடைய மாணவர் பிரையன் கோபில்காவுக்கும் 2012-இன் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்தில் பணியாற்றித் திரும்பிய அருண் குமார் சுக்லா இன்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் அரெஸ்டின் குறித்த ஆய்வை முன்னெடுத்து வருகிறார். ஏற்பி சுருங்குவது நோயின் கேடு மட்டுமன்று, செல்லின் தற்காப்பும் ஆகலாம் என்ற எண்ணம் எழுந்தபோதுதான் கோத்தன்பர்க் மருத்துவர்கள் செய்ததன் பொருள் விளங்கியது. செல் தானே செய்ய முயன்றதை அவர்கள் மருந்தால் செய்து கொடுத்தார்கள்.

எதிர்த்திசையில் போனவர்களும் இருந்தார்கள். ஏற்பி மந்தமானால் ஏற்பியைச் சுற்றிக்கொண்டு போவோம், எப்படியேனும் இதயத்தை வலுவாகச் சுருங்கச் செய்வோம் என்பது அவர்கள் முயற்சி. சைக்ளிக் ஏஎம்பி கரைந்து போகாமல் தடுத்து, சுருக்கத்தை வலுவாக்கும் மில்ரினோன் என்னும் மருந்தை மாத்திரையாகக் கொடுத்தனர். 1991-இல் அந்த ஆய்வின் முடிவு வந்தபோது, மருந்து உண்டவர்களிடையே இறப்பு 28 விழுக்காடு கூடியிருந்தது. களைத்த குதிரை சாட்டையடிக்குச் சற்று வேகமாக ஓடியது, விரைவில் விழுந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டுச் செடிகள் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனமில்லை. இரண்டும் மும்பையோடு தொடர்புடையவை. ஒன்று சர்ப்பகந்தா. மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், உயர் இரத்த அழுத்தம் உள்ள ஐம்பது பேருக்கு இதன் வேரைக் கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. அவ்வேரிலிருந்து சில ஆண்டுகளில் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பின், நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினையே காலி செய்துவிடுகிறது. பீட்டா தடுப்பான் வாசலை அடைக்கிறது என்றால், சர்ப்பகந்தா கடிதம் எழுதும் மையையே தீர்த்துவிடுகிறது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்க விளைவுகளால் அதன் பயன்பாடு பிற்பாடு குறைந்தது. ஆயினும் இந்த ஹார்மோன்களின் போக்கை உலகம் கற்றுக்கொண்டதில் அவ்வேருக்குப் பெரும் பங்குண்டு.

மற்றொன்று சேலம், ஆத்தூர்ப் பக்கத்து உழவர்கள் ஒப்பந்த முறையில் பயிரிடும் மருந்துக் கூர்க்கன். குஜராத்தியர் இதன் கிழங்கை ஊறுகாய் போடுவர். மும்பை முலுண்டில் இருந்த ஹோக்ஸ்ட் ஆய்வு மையத்தினர் 1970-களில் இக்கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஏற்பியைத் தொடாமலே, அதற்கு அடுத்த படியிலுள்ள நொதியை நேரே முடுக்கிவிடும் வினோதப் பொருள் அது. முகப்பு அலுவலரைக் கேட்காமல் பெட்டக அறைக்குப் பின்வாசல் வழியே போவது போன்றது. பிரிஸ்டோ குழுவினர் செயலிழந்த இதயத் தசையில் இதனைச் சோதித்தபோது, ஹார்மோனுக்கு அசையாத தசை ஃபோர்ஸ்கோலினுக்கு அசைந்தது. தசையின் இயந்திரம் பழுதாகிவிடவில்லை. பழுது பெரிதும் ஏற்பியில்தான் என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. எனினும் இதுவும் சாட்டையே. இதிலிருந்து செய்த ஊசிமருந்து ஒன்று ஜப்பானில் அவசர நிலைக்குப் பயன்படுவதோடு சரி. இப்போது உடல் எடையைக் குறைக்கும் என்று கூறி ஃபோர்ஸ்கோலின் மாத்திரைகளைக் கடைகளில் விற்கிறார்கள். இதய மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடாதிருத்தல் நலம்.

ஐயத்தைத் தீர்த்த ஆண்டு 1999. ஐரோப்பாவில் 2,647 நோயாளிகளிடம் பைசோப்ரலால் என்னும் பீட்டா தடுப்பானைச் சோதித்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 228 பேர் இறந்தனர். மருந்து உண்டவர்களில் 156 பேர். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால், வெற்று மாத்திரையைத் தொடர்வது அறமாகாது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதே ஆண்டில் மெட்டோப்ரலாலின் மெதுவாகக் கரையும் வடிவத்தைச் சோதித்த மற்றொரு பெரிய ஆய்வும் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததைக் காட்டி, முன்கூட்டியே நின்றது. கார்வெடிலாலும் இவ்வரிசையில் சேர்ந்தது. பெட்டித் துண்டுத்தாளில் ‘கூடாது’ என்று இருந்த இடத்தில் ‘வேண்டும்’ என்று எழுத நேர்ந்தது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு முழுமையான தலைகீழ் மாற்றங்கள் அதிகம் இல்லை என்றே நினைக்கிறோம்.

மற்றொரு மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலுக்கும் இக்கதையில் இடமுண்டு. இதயத் தசையில் அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுள் ஒன்று, உப்பையும் நீரையும் உடலில் தேக்கும் ஆல்டோஸ்டிரோனுக்கும் உரியது. அந்த ஏற்பியை மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்னும் பழைய, மலிவான மாத்திரை கடும் நோயாளிகளின் இறப்பை 30 விழுக்காடு குறைத்ததும் 1999-இல் வெளியான ஆய்விலேயே.

நெடுங்கால நோயாக அல்லாமல், ஒரே நாளில் இந்த ஹார்மோன் வெள்ளம் இதயத்தை மடக்கிவிடுவதும் உண்டு. கணவரையோ பிள்ளையையோ இழந்த செய்தி கேட்ட மூதாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். மாரடைப்பு என்று கருதிச் சோதித்தால் இரத்தக் குழாயில் அடைப்பே இராது. இதயத்தின் கீழ்முனை மட்டும் அசையாமல் பலூன்போல் உப்பியிருக்கும். 1990-இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர்கள், அந்த வடிவம் தங்கள் நாட்டு மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் குடுவையைப் போலிருந்ததால் ‘தகோட்சுபோ’ என்று பெயரிட்டனர். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே இது வருகிறது. இதயத்தின் கீழ்முனையில் பீட்டா ஏற்பிகள் செறிந்திருப்பது காரணமாகலாம் என்று கருதுகிறார்கள். பெரும்பான்மையோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். துயரத்தால் நெஞ்சு வெடித்தது என்று நம் பாட்டிமார் சொன்னதை வெறும் பேச்சென்று தள்ளிவிட முடியவில்லை.

பீட்டா தடுப்பான் நம் ஊர் மருந்துக்கடைக்கு மலிவாக வந்து சேர்ந்த கதை தனியே சொல்லத்தக்கது. அதில் ஒரு தமிழர் இருக்கிறார். விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலக் காப்புரிமைச் சட்டமே நடப்பிலிருந்தது. மருந்துக்கு உரிமை பெற்ற வெளிநாட்டு நிறுவனம் வைத்ததே விலை. இச்சட்டத்தை ஆராய அமர்த்தப்பட்டவர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்சநீதிமன்றம் சென்ற என்.ராஜகோபால அய்யங்கார். 1959-இல் அவர் அளித்த அறிக்கையே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளமாயிற்று. மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை உண்டு, மருந்துப் பொருளுக்கே உரிமை இல்லை என்பது அச்சட்டத்தின் சாரம். வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய இந்திய வேதியியலாளருக்கு வாசல் திறந்தது.

அந்த நாள்களில் வழக்கு மேடைக்கு வந்த மருந்துகளில் முதன்மையானது புரோப்ரனலால். மும்பையின் சிப்ளா நிறுவனம் அதனைத் தயாரிக்கத் தொடங்கியதும், உரிமையாளரான ஐ.சி.ஐ. இந்திய அரசிடம் முறையிட்டது. சிப்ளாவின் யூசுப் ஹமீது, உயிர்காக்கும் மருந்து இந்தியர்களுக்கு எட்டாமல் போகலாமா என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் நேரே வாதாடியதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1972 ஏப்ரல் 20 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கான காப்புரிமை 2005-இல் மீண்டும் வந்தபோதிலும், இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளில் இந்திய மருந்துத் தொழில் வேரூன்றிவிட்டது. புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் குர்கும்ப் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது இடப்புறமும் வலப்புறமும் தெரியும் வேதி ஆலைகளை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். சிப்ளாவின் ஆலையும் அங்கே உண்டு. இன்று மெட்டோப்ரலால் நாட்டின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு நாளைக்குரிய மாத்திரையின் விலை பெரும்பாலும் ஒரு கோப்பைத் தேநீரின் விலையை எட்டுவதில்லை.

விலை இவ்வாறிருந்தும் மருந்து உரியவர்களைச் சேர்ந்ததா? திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013-இல் இதயச் செயலிழப்புடன் சேர்க்கப்பட்ட 1,205 பேரை ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் எஸ்.ஹரிகிருஷ்ணன் குழுவினர் பதிவுசெய்து பின்தொடர்ந்தனர். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்நோயாளிகளின் சராசரி வயது பெரும்பாலும் எழுபதைத் தாண்டும். நமக்கு ஏறக்குறையப் பத்தாண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. பணி ஓய்வு பெற்ற மறுஆண்டு என்று சொல்லலாம். இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்திருந்தவர்களில், வீடு திரும்பும்போது நெறிமுறைப்படியான மருந்துகள் அனைத்தும் எழுதித் தரப்பட்டவர்கள் நால்வரில் ஒருவரே. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் கேரளத்தில் இந்த நிலை. பல நாடுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இந்திய நோயாளிகளில் 23 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தனர். எல்லா நாடுகளுக்குமான சராசரி 16.5.

எழுதித் தந்தாலும் நோயாளி நிறுத்திவிடுவது மற்றொரு பக்கம். அதற்கும் காரணம் ஏற்பியே. பீட்டா தடுப்பானைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் களைப்பு கூடும்; தலை சுற்றலாம்; மூச்சுத் திணறல் சற்றே மிகலாம். ஊன்றுகோலை எடுத்தால் முதலில் தள்ளாட்டம் வருவது உண்மைதானே? அதனால்தான் மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போலச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். மூன்று, ஆறு மாதங்கள் கழித்து எக்கோ பரிசோதனை செய்தால், இறைக்கும் திறனைக் குறிக்கும் விழுக்காடு பலருக்கு உயர்ந்திருக்கும். நலமான இதயத்தில் அது 55-க்கு மேல்; 40-உம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கே இம்மருந்தின் பலன் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. வீட்டில் எக்கோ அறிக்கை இருந்தால் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் குறித்துக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், நாடி ஏற்கெனவே மிகக் குறைந்தவர்கள், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பிகள் உண்டு; சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடவும் கூடும்.

மருந்தை நிறுத்துவதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. மருந்து வாசலில் காவல் நிற்கும் மாதங்களில், உள்ளே ஒளிந்த ஏற்பிகளைச் செல் மெல்ல மெல்ல மேலுறைக்கு அனுப்புகிறது. நலம் பெறுவதன் ஒரு பகுதி அது. அந்நிலையில் காவலைத் திடீரென விலக்கினால், பெருகி நிற்கும் ஏற்பிகள்மீது ஹார்மோன் முழு வேகத்தில் பாயும். நாடி தறிகெடும், நெஞ்சுவலி, சில வேளை மாரடைப்பும் நேரும். உடம்பு தேறிவிட்டது என்று எண்ணித் தாமே நிறுத்துபவர்கள் ஒருபுறம் இருக்க, மாத்திரை தீர்ந்துபோய்த் தற்செயலாக நிறுத்திவிடுபவர்களும் பலர். புனேயிலிருந்து சென்னைக்கு இரயிலில் இருபது மணி நேரம். அங்கிருந்து சொந்த ஊர் இன்னும் சில மணி நேரம். திருவிழா, திருமணம் என்று தங்குவது பத்து நாள். ஊருக்குக் கிளம்பும் முன் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, பெரிய பெட்டியில் அல்லாமல் தோளில் மாட்டும் பையில், மருத்துவரின் சீட்டு நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.